தற்கொலை என்று எழுதி மூடப்படும் கொலைகள்

பல்லாவரத்தில் ஏறித் தெற்கு நோக்கிப் போகும் தொடர்வண்டி, தாம்பரத்தையும் வண்டலூரையும் கடந்து ஊரப்பாக்கத்தில் நிற்கும். பின்னர்க் கூடுவாஞ்சேரி வழியாக மறைமலைநகர் போய்ச் சேரும். வடக்கே உள்ள பல்லாவரம், 1916ஆம் ஆண்டில் தனித்தமிழுக்கு வித்திட்ட மறைமலையடிகளார் வாழ்ந்த ஊர். தெற்கே உள்ளது அவர் பெயர் தாங்கிய நகர். அதனையும் தாண்டினால் செங்கற்பட்டு. 1929 பிப்பிரவரியில் அங்குக் கூடிய முதலாவது தன்மான இயக்க மாநில மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும், பொருந்தா மணத்தினின்று விலகும் உரிமை வேண்டும் என்று முழங்கியது. தமிழ் மீட்புக்கும் பெண் மீட்புக்கும் ஒருங்கே கால்கோள் இட்ட மண் இது.

அம்மண்ணின் நடுவில் கிடக்கும் ஊரப்பாக்கம் இன்று மனைப்பிரிவுகளும் அடுக்ககங்களும் நெருங்கிய புறநகர். 2023 திசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் அந்நெருக்கம் இன்னும் மிகுந்தது. பெண் பிறந்த ஊர் நெல்லையாக இருக்கும், தஞ்சையாக இருக்கும், விழுப்புரத்தை ஒட்டிய ஒரு சிற்றூராக இருக்கும். மணம் முடித்து அவளைக் கொண்டுவந்து வைத்தது மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளுக்குள். எதிர்வீட்டார் பெயரை அவள் அறியாள். அவள் பெயரை அவரும் அறியார். ஊரில் என்றால் குரல் எழுந்ததும் நான்கு கிழவிகள் வாசலுக்கு வருவர். இங்குக் குரல் எழுந்தால் நான்கு கதவுகள் மூடிக்கொள்ளும்!

அத்தகைய ஒரு வீட்டில் ஒரு மருமகள் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள் என்று கொள்ளுக. கூடுவாஞ்சேரிக் காவலர் வருகின்றனர். பிணம் கூறாய்வுக்குப் போகின்றது. மணமாகி ஏழாண்டு நிறையாதவள் என்றால் தாம்பரம் வருவாய்க் கோட்டாட்சியர் உசாவுகின்றார். நிறைந்தவள் என்றால் அவ்வுசாவல் கட்டாயமில்லை. “குடும்பச் சிக்கல்” என்றோ “தீரா வயிற்றுவலி” என்றோ இரண்டு சொல் எழுதப்படுகின்றது. ஏடு மூடப்படுகின்றது. அவளை ஆண்டுக்கணக்கில் அணு அணுவாகக் கொன்றவன் பத்தாம் நாள் நீர்க்கடனை முடித்துவிட்டு வேலைக்குப் போகின்றான்.

இது தற்கொலையா? கை அவளுடையதாக இருக்கலாம். அக்கையைப் பிடித்து இழுத்துச் சென்ற கை எவருடையது? அதனைக் கேட்கும் கடமை சட்டத்திற்கு இல்லையா?

சட்டம் கண் திறந்த கதை

சட்டம் முற்றும் கண்மூடியது என்று சொல்வது பொய். அது கண் திறந்த வரலாற்றையும், எவ்வளவு திறந்தது என்பதையும் தமிழர் அறிந்துகொள்ள வேண்டும்.

1860ஆம் ஆண்டில் ஆங்கிலேயன் வகுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, தற்கொலைக்குத் தூண்டியவனுக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. தூண்டினான் என்பதைத் தெள்ளத் தெளிவாக மெய்ப்பிக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள் நடந்ததற்குச் சான்று சொல்ல எவர் வருவார்? செத்தவள் வரமாட்டாள். ஆகவே நூறாண்டுக்கு மேலாக அப்பிரிவு மனைவியருக்குப் பெரிதும் பயன்படாமல் கிடந்தது.

1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் தில்லித் தெருக்களில் பெண்கள் திரண்டு போராடினர். அதன் விளைவாக 1983இல் 498அ என்னும் பிரிவு வந்தது. கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. சான்றுச் சட்டத்தில் 113அ என்னும் பிரிவும் அதே ஆண்டில் சேர்ந்தது. மணமாகி ஏழாண்டுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டு, கணவன் வீட்டார் அவளைக் கொடுமைப்படுத்தியதும் நிறுவப்பட்டால், அவர்களே தூண்டினர் என்று மன்றம் உய்த்துணரலாம் என்றது அது. 1986இல் மணக்கொடைச் சாவு தனிக்குற்றமாயிற்று. அதற்குக் குறைந்த அளவு ஏழாண்டு; மிகுந்தால் வாழ்நாள் சிறை.

2024 சூலை 1 முதல் இவை புதிய சட்டங்களுக்குள் புகுந்துகொண்டன. 306 என்பது 108 ஆயிற்று. 304ஆ என்பது 80 ஆயிற்று. 498அ என்பது 85, 86 என இரண்டாயிற்று. சான்றுச் சட்டத்தின் 113அ, 113ஆ ஆகியவை 117, 118 ஆயின. எண்கள் மாறின, எழுத்துகள் மாறின, உள்ளிருந்த ஓட்டைகள் மட்டும் மாறவில்லை!

ஓட்டைகள் மூன்று

முதல் ஓட்டை ஏழாண்டுக் கோடு. ஆறாண்டும் பதினொரு திங்களும் அடிபட்டு மாய்ந்தவளுக்கு உய்த்துணர்வு உண்டு. ஏழாண்டும் ஒரு திங்களும் அடிபட்டு மாய்ந்தவளுக்கு இல்லை. எட்டாம் ஆண்டில் குடிகாரன் கை வலிமை இழந்துவிடுமா? பத்தாம் ஆண்டில் மாமியின் நாவு தேய்ந்துவிடுமா? நெடுநாள் பொறுத்தவளுக்கு இச்சட்டம் தரும் பரிசு, அவள் சாவைக் காணாமல் விடுவதே!

இரண்டாம் ஓட்டை மணக்கொடை என்னும் வாயில். பொன் கேட்டான், பொருள் கேட்டான், மகிழுந்து கேட்டான் என்று காட்டினால் சட்டம் எழுந்து நிற்கும். ‘உய்த்துணர வேண்டும்’ என்று கட்டாயமாகவே பேசும். ஐயத்தின்பேரில் அடித்தான், கருத்தரிக்கவில்லை என்று பட்டினி போட்டான், பெற்றோரைப் பார்க்கவிடாமல் பூட்டி வைத்தான் என்றால் அதே சட்டம் ‘உய்த்துணரலாம்’ என்று தளர்கின்றது. பொருளுக்காகச் செய்த கொடுமைக்கு ஒரு விலை. வெறுப்புக்காகச் செய்த கொடுமைக்கு ஒரு விலையா?

மூன்றாம் ஓட்டைதான் ஆழமானது. 86ஆம் பிரிவு கொடுமை என்பதற்கு என்ன பொருள் சொல்கின்றது? ஒரு பெண்ணைத் தற்கொலைக்குத் துரத்தக்கூடிய தன்மையுள்ள வேண்டுமென்றே செய்த நடத்தை என்று சொல்கின்றது. அஃதாவது, இத்தகைய நடத்தை பெண்ணைச் சாவுக்கு விரட்டும் என்பது சட்டத்துக்கே தெரியும்! தெரிந்தும் அதற்கு மூன்றாண்டு. அந்நடத்தையால் அவள் உண்மையில் மாய்ந்துவிட்டாலோ, கொடுமையை மெய்ப்பித்தது போதாது. சாகவேண்டும் என்னும் உள்ளத்தோடு தூண்டினான் என்று தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

2001இல் உச்ச முறைமன்றம் சத்தீசுகர் மாநில வழக்கு ஒன்றில் இதனைத்தான் செய்தது. சினத்திலோ உணர்ச்சி வேகத்திலோ, விளைவைக் கருதாமல் உதிர்த்த சொல் தூண்டுதல் ஆகாது என்று சொல்லி, கணவனைத் தூண்டுதல் குற்றத்தினின்று விடுவித்தது. கொடுமைக் குற்றத்தை மட்டும் நிலைநிறுத்தியது. அன்றிலிருந்து இந்தியாவெங்கும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டாக நிற்கின்றது. ஒரு நாள் ஒரு சொல் சொன்னவனுக்கு அவ்வளவுகோல் பொருந்தலாம். ஒவ்வொரு நாளும் அதே சொல்லைச் சொன்னவனுக்குப் பொருந்துமா? துளித்துளியாய் ஊற்றிய நஞ்சில் எத்துளி கொன்றது என்று கேட்பது அறமா?

அதே மன்றம் சில போதுகளில் நேரிய வழியும் காட்டியிருக்கின்றது. ‘சாவுக்குச் சற்று முன்’ என்பதற்கு ‘உடனடியாக முன்’ என்று பொருளில்லை என்று 2021இல் தீர்த்தது. வீடு கட்டப் பணம் கேட்டதும் மணக்கொடையே என்று 2022இல் தீர்த்தது. ஆனால் தீர்ப்புகள் ஒட்டுப்போடலாம். துணியையே நெய்து தர மாட்டா. அது சட்டம் இயற்றுவோர் வேலை.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

நடுவணரசின் குற்ற ஆவணக் காப்பகம் 2021ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில், நாடு முழுவதும் தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசியர் 23,178 பேர். அவர்களுள் தமிழ்நாட்டார் 3,221 பேர். எல்லா மாநிலங்களிலும் அதுவே முதலிடம்! மறுநாளைய பெருமைப் பட்டியல்களில் இம்முதலிடத்தை எவரும் சொல்லிக்கொள்வதில்லை. 2022இல் நாட்டின் தொகை 25,309 ஆக உயர்ந்தது.

2021இல் தமிழ்நாட்டில் மணக்கொடைச் சாவு என்று பதியப்பட்டவையோ ஐம்பதுக்கும் கீழ். 3,221 பேரும் கொடுமையால் மாய்ந்தனர் என்று சொல்ல இயலாது. நோயால் மாய்ந்தவர் உண்டு. கடனால் மாய்ந்தவர் உண்டு. ஆனால் மூவாயிரத்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் எத்தனை பெண்களின் மெய்க்கதைகள் புதையுண்டு கிடக்கின்றன என்று தோண்டிப் பார்த்தவர் எவர்?

2025 சூன் திங்களில் திருப்பூர் மாவட்டத்தில், மணமாகி மூன்று திங்கள் முடியுமுன் ஓர் இளம்பெண் மாய்ந்தாள். அவள் தன் தந்தைக்குக் கைப்பேசி வழி அனுப்பிய குரல்மடல்களைத் தமிழ்நாடே கேட்டது. கணவனும் அவன் பெற்றோரும் தளையிடப்பட்டனர். வழக்கின் முடிவை முறைமன்றம் சொல்லட்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குரல் பதிவாகாமல் இருந்திருந்தால்? கைப்பேசியில் பேசத் தெரிந்தவளுக்கு மட்டும்தானா முறை? பேசாமல் மாய்ந்தவளுக்குக் காவல் ஏட்டின் இரண்டு சொல்தானா?

சொல்லின் நஞ்சு மொழியில் இருக்கின்றது

இனிச் சொல்லப்போவதைத் தமிழுணர்வாளர் ஊன்றிக் கருத வேண்டும். அடியின் தழும்பை மருத்துவர் காணலாம். சொல்லின் தழும்பை எவர் காண்பார்? ‘மலடி’ என்னும் சொல், ‘வாழாவெட்டி’ என்னும் சொல், ‘வக்கற்ற வீட்டில் பெண்ணெடுத்தோம்’ என்னும் பேச்சு, இவை ஒரு தமிழ்ப்பெண்ணின் நெஞ்சில் என்ன செய்யும் என்பது தமிழறிந்தவனுக்கே தெரியும். அவை ஆங்கிலத்தில் பெயர்க்கப்படும்போது என்ன ஆகின்றன? ‘குழந்தையில்லாதவள்’, ‘கணவனைப் பிரிந்தவள்’, ‘ஏழைக் குடும்பத்தவள்’ என்று செய்தியாகச் சுருங்குகின்றன. நஞ்சு வடிந்து வெறும் நீர் மிஞ்சுகின்றது. அந்நீரைப் பார்த்து, ‘இதனால் ஒருத்தி சாவாளா?’ என்று மன்றம் வியக்கின்றது!

மாய்ந்தவள் எழுதிவைத்த மடல் தமிழில். தாய் சொன்ன சான்று தமிழில். சென்னை உயர் முறைமன்றத்தின் தீர்ப்போ ஆங்கிலத்தில். மகளை இழந்த தாய், தன் மகள் சாவுக்கு எவன் பொறுப்பு என்பதை வேற்றுமொழியில் எழுதி, அதனை இன்னொருவர் வாயால் கேட்டறிய வேண்டியிருக்கின்றது. மொழிபெயர்ப்புகள் இப்போது சில வெளிவருகின்றன. ஆயினும் ஆங்கில மூலத்திற்கே மதிப்பு. உயர் முறைமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006 திசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒருமனமாய்க் கேட்டது. அக்கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. இராசசுத்தானுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் 1972க்குள்ளேயே இந்தி வழங்கப்பட்டுவிட்டது. இந்திக்காரன் தாய் தன் மொழியில் முறை கேட்கலாம், தமிழ்த்தாய் கேட்கலாகாதா?

இந்த அழகில் புதிய சட்டத்துக்குச் சூட்டிய பெயர் ‘பாரதிய நியாய சன்கிதா’! ஊரப்பாக்கத்துப் பெண் தன்னைக் காக்கும் சட்டத்தின் பெயரையே சொல்ல நாத் திரும்பாமல் நிற்க வேண்டும் என்பதுதான் தில்லியின் விருப்பமா? பெயரே புரியாத சட்டம் உரிமையை எங்ஙனம் புரிய வைக்கும்? 2024இல் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கியது வீம்புக்காக அன்று.

தமிழன் தன் முகத்தையும் பார்க்கட்டும்

தில்லியை மட்டும் சாடிவிட்டு ஓய்ந்தால் அது நடுவுநிலை ஆகாது. ‘வரதட்சணை’ வடசொல், ‘கன்னிகாதானம்’ வடசொல். பெண்ணைப் பொருளாகத் தானம் கொடுக்கும் அக்கருத்தும் வடக்கிலிருந்து வந்ததே. தமிழ்க் குடிகள் பலவற்றில் அண்மைக்காலம் வரையிலும் மணமகன் வீட்டாரே பெண்வீட்டுக்குப் பரிசம் கொடுத்தனர். இவையெல்லாம் உண்மை. ஆனால் சொல் வடக்கிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே, அச்சொல் குறிக்கும் பொருளைக் கை நீட்டி வாங்குபவன் எவன்? தமிழன் அல்லனா?

மகனுக்குச் செழியன் என்றும் மகளுக்கு யாழினி என்றும் பெயர் சூட்டிவிட்டு, மருமகளை நாயினும் கீழாய் நடத்தும் வீடுகள் இல்லையா? மேடையில் கண்ணகியைப் போற்றிவிட்டு வீட்டில் மனைவியின் வாயில் அறைபவர் இல்லையா? பாண்டியன் அவைக்குள் தனியளாய்ப் புகுந்து, தீர்ப்பு பிழை என்று அரசனின் முகத்துக்கு நேரே மெய்ப்பித்தவள் கண்ணகி. அவள் பேசியதைக் கேட்டதும் தன் பிழை உணர்ந்து உயிர் விட்டான் அரசன். அக்கதையின் பெருமை சிலம்பில் இல்லை. ஒரு பெண்ணின் முறையீட்டைக் கேட்ட செவியில் இருக்கின்றது. அச்செவி இன்று எந்தத் தமிழ் வீட்டில் உண்டு?

“பொறுத்துப் போ மகளே” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் தாய் தந்தையரும் இக்குற்றத்தில் பங்காளிகளே. அடிபட்டு வந்தவளுக்குக் கதவைத் திறப்பதா, ஊர் என்ன சொல்லும் என்று மூடுவதா? மகள் திரும்பி வந்தால் போவது மானம் அன்று. மகள் திரும்பாமல் போவதே மானக்கேடு! மகளுக்கும் சொத்தில் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. அப்பங்கைப் பொன்னாக மாற்றி மருமகன் கையில் கொடுப்பதைவிட, அவள் வந்து தங்க ஓர் அறையாக வைத்திருப்பது பெற்றோர் கடமை.

பொய்வழக்குப் பூச்சாண்டி

இங்ஙனம் கேட்டவுடன் ஒரு கூட்டம் எழும். “பெண்கள் பொய்வழக்குப் போடுகின்றனர், ஆண்களும் மாய்கின்றனர்” என்னும். பொய்வழக்கே இல்லை என்று சொல்வார் எவருமிலர். அதனால்தான் 2014இல் உச்ச முறைமன்றம், கொடுமை வழக்கில் ஆராயாமல் உடனே தளையிடலாகாது என்று நெறி வகுத்தது. ஆனால் கள்ளக் காசு புழங்குகின்றது என்று நாணயத்தையே ஒழிப்பார் உண்டோ? மேலும், உயிரோடிருப்பவள் பொய் சொல்லலாம். மாய்ந்தவள் எந்த ஆதாயத்துக்காகப் பொய் சொல்வாள்?

ஆணும் வீட்டுக் கொடுமையால் மாய்வதுண்டு என்றால், அவனுக்கும் அவ்வாயில் திறக்கட்டும். பிரெஞ்சு நாடு அதனைத்தான் செய்தது. 2020 சூலை 30ஆம் நாள் சட்டப்படி, வாழ்க்கைத் துணையை, முன்னாள் துணையையும், தொல்லைப்படுத்தித் தற்கொலைக்கோ தற்கொலை முயற்சிக்கோ உள்ளாக்கினால் பத்தாண்டுச் சிறை. 1,50,000 யூரோ தண்டம். ஆண், பெண் என்னும் வேற்றுமை அங்கில்லை. ஏழாண்டுக் கோடு இல்லை. மணக்கொடை வாயில் இல்லை. எல் சால்வதோர் என்னும் சிறு நாடு, பெண்ணைக் கொடுமையால் தற்கொலைக்குத் தள்ளுவதைத் தனிக்குற்றமாகவே வகுத்திருக்கின்றது. இங்கிலாந்தில் 2006இல் இத்தகைய வழக்கு ஒன்று மேன்முறையீட்டு மன்றத்தில் தோற்றது. உள்ளத்தின் காயம் உடற்காயம் ஆகாது என்றது அம்மன்றம். அந்நாடு 2015இல் துணையை அடக்கி ஒடுக்குவதையே குற்றமாக்கியது. 2017இல், முன்னாள் துணையைத் தொடர்ந்து துரத்தித் தற்கொலைக்குத் தள்ளிய ஒருவன் உயிர்க்கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாண்டுச் சிறை பெற்றான். உலகம் நகர்கின்றது. இங்கு எண்கள் மட்டும் நகர்கின்றன!

வேண்டுவன

தமிழ்நாட்டரசு தில்லியைக் கைகாட்டித் தப்ப இயலாது. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் உள்ளது. மாநிலம் திருத்தம் செய்து குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெறலாம். பெண்களுக்கெதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் முன்வடிவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 சனவரியில் நிறைவேற்றவில்லையா? புதிய சட்டங்களில் செய்யவேண்டிய திருத்தங்களை ஆய 2024 சூலையில் ஓய்வுபெற்ற முறைவர் ஒருவர் தலைமையில் குழு அமைக்கவில்லையா? வழி இருக்கின்றது, நடக்கும் கால்தான் வேண்டும். ஆகவே தமிழுணர்வாளர் ஒவ்வொருவரும் முன்வைக்க வேண்டியவை இவை:

1. வீட்டுக் கொடுமை தற்கொலையில் முடிந்தால், கொடுமையை மெய்ப்பித்த அளவில் அதுவே பெருங்குற்றமாதல் வேண்டும். சாகவேண்டும் என்னும் எண்ணத்தைத் தனியே மெய்ப்பிக்கும் சுமை நீங்க வேண்டும்.

2. ஏழாண்டுக் கோடு அழிய வேண்டும். மணமான பெண் எந்த ஆண்டில் மாய்ந்தாலும் கோட்டாட்சியர் உசாவல் கட்டாயமாக வேண்டும்.

3. அவ்வுசாவலின் முடிவு தமிழில் எழுதப்பட்டு, படி ஒன்று பெற்றோர் கையில் தரப்பட வேண்டும்.

4. மாய்ந்தவளின் மடலும் அவள்மேல் வீசிய சொற்களும் மன்றத்தில் தமிழிலேயே படிக்கப்பட வேண்டும். உயர் முறைமன்றத்தில் தமிழ் அரியணை ஏற வேண்டும்.

5. ஒவ்வோர் ஊராட்சியிலும், ஒவ்வொரு மனைப்பிரிவிலும், அடிபட்ட பெண் நள்ளிரவில் போய்த் தட்டத்தக்க ஒரு கதவேனும் இருத்தல் வேண்டும்.

இறுதியாக, இன்றிரவு ஏதோ ஒரு மாடியில் விளக்கணைத்து அழுதுகொண்டிருக்கும் தங்கைக்கு ஒரு சொல். சாவு சான்று சொல்லாது. உயிரே சான்று சொல்லும். மாய்ந்தவளுக்குச் சட்டம் தரும் முறையினும், வாழ்பவள் தானே நின்று பெறும் முறை பெரிது. 181 என்னும் எண்ணில் பெண்கள் உதவிமையமும் 104 என்னும் எண்ணில் அரசு மருத்துவ உதவியும் விடை சொல்லும். பிறந்த வீட்டுக் கதவு மூடியிருந்தால் தோழி வீட்டுக் கதவைத் தட்டுக. கண்ணகி அரசவைக்குப் போனது உயிரோடுதான்!

ஊரப்பாக்கத்து மாடிகளில் நாளை ஒரு குரல் எழுந்தால், தமிழர் வீட்டுக் கதவுகள் மூடாமல் திறக்கட்டும். சட்டம் திறக்கும் வரையில் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை.